உறைந்துபோன வெப்பம்

கடலைப் பார்த்து நின்ற ஒரு கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர் லெயோனி இயற்பியல் கற்பித்து வந்தார். பத்தாம் வகுப்பிலிருந்து மேலே எல்லாம் அவருடைய வகுப்புகள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். டீச்சர்களுக்குப் பிடிக்காது.

அவரிடம் பாடம் கேட்க செபமாலை டீச்சர் வந்தபோது ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். டீச்சர் சிஸ்டரைவிடப் பத்து வயது மூத்தவர். கணக்கு டீச்சர். படித்ததும் கற்பித்ததும் இங்கிலீஷில். அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புத் தமிழ் வழிப் பிரிவுக்கு இயற்பியல் எடுக்க ஆள் கிடைக்காமல் அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

"இந்த வயசுல சிஷ்யையா?" என்று கேட்டார்கள்.

"தெரியாம பிள்ளைங்க முன்னாடி நிக்கிறதுக்கு இது பரவாயில்லை" என்றார் டீச்சர்.

முதல் நாள் பள்ளி விட்ட பிறகு, ஆய்வுக்கூடத்தில் சிஸ்டர் கேட்டார்.

"வெப்பம்னா என்ன, டீச்சர்?"

"வெப்பம் ஓர் ஆற்றல்."

"ஆற்றல்னா?"

"வேலை செய்யும் திறன்."

"திறன்னா?"

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். "வேலை செய்யப்படும் வீதம்."

"அப்போ ஆற்றல்ங்கிறது, வேலை செய்யும் வேலை செய்யப்படும் வீதம்."

டீச்சர் புத்தகத்தை மூடினார். "இங்கிலீஷ்ல இந்த வம்பே இல்ல, சிஸ்டர். கபாசிட்டி வேற, பவர் வேற. தமிழ்ல ரெண்டுக்கும் திறன்னு போட்டு வச்சிருக்காங்க."

"யாரைத் திட்டணும்?"

"எழுதினவங்களைத்தான்."

"திட்டியாச்சா?"

"ஆச்சு."

"அப்போ பாடத்துக்குப் போகலாம்."

ஒரு டம்ளர் தண்ணீரை மேசைமேல் வைத்தார் சிஸ்டர். "இதுல எவ்வளவு வெப்பம் இருக்கு?"

"தெர்மாமீட்டர் குடுங்க, சொல்றேன்."

"அது வெப்பநிலை. நான் கேட்டது வெப்பம்."

"சூடா இருந்தா உள்ள வெப்பம் இருக்குன்னுதானே அர்த்தம், சிஸ்டர்?"

சிஸ்டர் எழுந்துபோய்க் கடல் பக்கக் கதவைத் திறந்தார். காற்று புகுந்து விடைத்தாள்களைக் கலைத்துப் போட்டது. டீச்சர் ஓடி ஓடிப் பொறுக்கினார். சிஸ்டர் கதவைச் சாத்தினார். அறை அடங்கியது.

"இப்போ அடிச்ச காத்து எங்க இருக்கு, காட்டுங்க."

டீச்சர் அறையைச் சுற்றிப் பார்த்தார். மூச்சு விட்டார். மூச்சு விட முடிந்தது.

"காத்து இருக்கு. அடிக்கலை" என்றார்.

"வெப்பம்னு பேர் வச்சிருக்கிறதும் அந்த மாதிரி அடிக்கிறதுக்குத்தான், இருக்கறதுக்கு இல்ல" என்றார் சிஸ்டர். "டம்ளரைக் கழுவி வச்சிட்டுப் போங்க."

இப்படியே நாட்கள் போயின. ஆய்வுக்கூடத்தில் புரிந்தது வகுப்பில் கரும்பலகை முன்னால் நிற்கும்போது நழுவிப்போகும். டீச்சர் அசரவில்லை. மறுநாளும் வருவார்.

ஒருநாள் வகுப்பில் 'உள்ளுறை வெப்பம்' என்று பலகையில் எழுதினார். திரும்புவதற்குள் கடைசி பெஞ்சில் டெல்மா எழுந்து நின்றாள். கடற்கரைத் தெருப் பெண். அப்பா விசைப்படகில் போகிறவர்.

"மிஸ், வெப்பம் எப்படி மிஸ் உறையும்?"

"என்னது?"

"உறைஞ்சா ஐஸ் ஆயிரும்லா. வெப்பம் உள்ள உறைஞ்சு கிடந்தா, அது சூடா இருக்குமா, குளிரா இருக்குமா?"

வகுப்பு சிரித்தது.

"ஏட்டி, வாசல்ல உறைவிடப் பள்ளின்னு போர்டு தொங்குதே" என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. "அப்போ நம்ம ஸ்கூல் ஐஸ் ஸ்கூலா?"

"அதான் ஹாஸ்டல்ல வெந்நீர் வர மாட்டேங்கு!" என்றாள் இன்னொருத்தி.

டீச்சரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே விளக்கத்தைப் படிக்கச் சொன்னார். டெல்மா உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்து கேள்வி கேட்டதை யாரும் பார்க்கவில்லை.

பரீட்சை வந்தது. 'உள்ளுறை வெப்பம் என்றால் என்ன?' என்ற கேள்விக்கு டெல்மா எழுதியிருந்தாள்: 'உள்ளே உறைந்துபோன வெப்பம். தொட்டால் குளிரும்.' மற்ற பதில்களும் அதே தரம்தான். மற்ற பாடங்களில் எல்லாம் தேறியிருந்தாள். அறிவியலில் மட்டும் தோல்வி. அடுத்த பரீட்சையிலும் அதே கதை.

தலைமையாசிரியை மதர் கொர்னேலியா டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நம்ம ஸ்கூல்ல பத்தாவது பப்ளிக்ல ஒரு பிள்ளைகூட ஃபெயிலானதில்லை. தெரியும்ல?"

"தெரியும், மதர்."

"அந்த டெல்மா பத்தாவதுக்குப் போக வேண்டாம். டி.சி. குடுத்துரலாம்னு இருக்கேன். அவங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க, மதர்?"

"அக்காகூட இறால் கம்பெனிக்கு அனுப்பிருதேன்னாங்க."

டெல்மாவின் அக்காவை டீச்சருக்குத் தெரியும். இதே பள்ளியில் எட்டாவதோடு நின்றவள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரித்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துப் பிளந்திருக்கும். கோயிலில் பார்க்கும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள்.

"எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, மதர்."

மதர் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. பள்ளியின் பெயர் அவருக்குப் பெரிது.

"வர்ற திங்கட்கிழமை கிளாஸுக்கு வர்றேன். அவகிட்ட ஒரு கேள்வி கேட்பேன். அவ எழுதிவச்ச அந்தக் கூத்தையே கேட்பேன். ஒழுங்கா பதில் சொன்னா இருக்கட்டும். இல்லேன்னா டி.சி."

டீச்சர் அன்றைக்கே ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் டெல்மாவை அழைத்து உட்கார வைப்பார். "சொல்லு." டெல்மா சொல்வாள். தப்பினால் முதலிலிருந்து. சோறு ஆறிப்போகும். இரண்டு பேரும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை டீச்சர் சிரித்த முகத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார்.

"சிஸ்டர், டெல்மா சொல்லிட்டா! ஒரு பிழை இல்ல. 'ஒரு பொருளின் நிலை மாறும்போது, வெப்பநிலை மாறாமல், உட்கவரப்படும் அல்லது வெளியிடப்படும் வெப்ப ஆற்றல் உள்ளுறை வெப்பம் எனப்படும்.' தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா."

"நல்லது" என்றார் சிஸ்டர். "எனக்கு ஒரு வேலை செய்து தர்றீங்களா, டீச்சர்?"

மேசைமேல் ஒரு பீக்கர் இருந்தது. அதில் உடைத்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும். நடுவில் ஒரு தெர்மாமீட்டர். பாதரசம் பூஜ்யத்தில் நின்றது.

"இந்தப் பாதரசத்தை ஏத்தித் தாங்க."

டீச்சர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து முக்காலிக்கு அடியில் தள்ளினார். கண்ணாடிக் கோலால் கலக்கினார். பாதரசம் நகரவில்லை.

"திரி சின்னதா இருக்கு, சிஸ்டர்."

"இழுத்து விடுங்க."

இழுத்துவிட்டார். சுடர் பெரிதாயிற்று. கலக்கினார். குனிந்து பார்த்தார். பூஜ்யம்.

"தெர்மாமீட்டர் சரியா வேலை செய்யுதா?"

"போன வாரம் வாங்கினது."

டீச்சருக்கு நெற்றியில் வியர்த்தது. வீட்டுக்குப் போகும் வேனுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கீழே டிரைவர் ஹாரன் அடித்தார்.

"வேன் வந்துருச்சு, சிஸ்டர்."

"அப்படியா?" என்று சிஸ்டர் தெர்மாமீட்டரை பீக்கரிலிருந்து உருவி, துணியால் துடைத்து, குமிழை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். பாதரசம் விறுவிறுவென்று ஏறியது.

டீச்சரின் கண்முன்னால் அதைப் பிடித்துக் காட்டினார். "ஏறிருச்சு, டீச்சர். நீங்க கிளம்பலாம்."

டீச்சர் தெர்மாமீட்டரைப் பார்த்தார். பிறகு பீக்கரைப் பார்த்தார். ஐஸ் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன.



"திங்கட்கிழமை மதர் இதைத்தான் பார்ப்பாங்க. எவ்வளவு ஏறியிருக்குன்னு" என்றார் டீச்சர்.

"ஆமா."

"ஏறியிருந்தா போதும்."

"போதும்."

"பிள்ளை இங்கயே இருந்துரும்."

"இருந்துரும்."

"அப்புறம்?"

 சிஸ்டர் தெர்மாமீட்டரை மறுபடி ஐஸுக்குள் வைத்தார். பாதரசம் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றது.

கீழே வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. டீச்சர் ஜன்னலில் தலையை நீட்டி, "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துக்குறேன்!" என்று கத்தினார். திரும்பி வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கலக்க ஆரம்பித்தார்.

கட்டிகள் சிறுத்துக்கொண்டே வந்தன. பாதரசம் அசையவில்லை.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"உறைதல்னா தங்குறதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. உறைவிடம் மாதிரி. உள்ளுறை வெப்பம்னா உள்ள தங்குற வெப்பம். சரி. ஆனா அடிக்கிற காத்துதான் வெப்பம்னு நீங்க சொன்னீங்க. போய்க்கிட்டே இருக்கறது எப்படித் தங்கும்? உள்ள தங்கிட்டா அதுக்கு வெப்பம்னு பேரே கிடையாதே?"

"கிடையாது."

"அப்போ அந்தப் பேரே தகராறு. டெல்மா கேட்டதுல தப்பு இல்ல."

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?" என்றார் சிஸ்டர்.

டீச்சர் கோலைக் கீழே வைத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளி வளாகத்தில் மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பின்னால் டெல்மா தனியாக நொண்டி விளையாடிக்கொண்டிருந்தாள். ஸ்பெஷல் கிளாஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் நின்று, கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு பொருளின் நிலை மாறும்போது, வெப்பநிலை மாறாமல்..."

"நிறுத்து."

"தப்பாயிட்டா, மிஸ்?"

"தப்பு இல்ல. அது வேணாம் இப்போ."

டெல்மாவின் முகம் வெளிறியது. "அப்போ டி.சி.யா மிஸ்?"

"இல்லட்டி." டீச்சர் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். "வெப்பம் எப்படி உறையும்னு கேட்டேல்ல. எனக்குப் பதில் தெரியலை. தெரியாமத்தான் சிரிச்சேன்."

டெல்மா நம்பவில்லை. டீச்சர்கள் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

"உங்களுக்கே தெரியாதா?"

"தெரியாது. இப்போ கொஞ்சம் தெரியும். வா, ஐஸ் வாங்கியாந்திருக்கேன்."

ஆய்வுக்கூடத்தில் டீச்சர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. உறைதல் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் என்பதை மட்டும் சொன்னார். விளக்கைப் பற்றவைக்கச் சொன்னார். பீக்கரை வைக்கச் சொன்னார். தெர்மாமீட்டரைப் பார்க்கச் சொன்னார்.

"புத்தகத்துல இதுக்குச் சாராய விளக்குன்னு போட்டிருக்கு, மிஸ்" என்றாள் டெல்மா. உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போட்டிருக்கு. அதுக்கும் சேர்த்து எழுதினவங்களைத் திட்டியாச்சு."

டெல்மா சிரித்தாள். கலக்கினாள். ஒரு கட்டி கரைந்தது. இன்னொன்று கரைந்தது. பாதரசம் அப்படியே இருந்தது. டெல்மா விளக்கைப் பார்த்தாள், பாதரசத்தைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள். கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டாள்.

டீச்சர் காத்திருந்தார். அவருடைய நாக்கு நுனியில் விளக்கம் முழுதாக நின்றது. விழுங்கினார்.

"மிஸ்..."

"ம்."

"கேட்டா சிரிக்க மாட்டீகளே?"

"மாட்டேன்."

"தீ எரிஞ்சுக்கிட்டேதான இருக்கு. இம்புட்டு நேரம் உள்ள போன சூடெல்லாம் எங்க போச்சு? ஏறவே மாட்டேங்கே."

"நீ என்ன நினைக்க?"

டெல்மா ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அது விரலிடுக்கில் ஒழுகியது.

"இது கட்டியா இருக்குன்னா, உள்ள எதுவோ முடிச்சுப் போட்டு வச்சிருக்கு, மிஸ். வலை மாதிரி. சூடு போய் அந்த முடிச்சை அவுக்குது. எல்லா முடிச்சையும் அவுத்து முடிச்சாத்தான் தெர்மாமீட்டர் பக்கம் வரும்."



"அதுக்குப் பேர் என்னட்டி?" என்றார் டீச்சர்.

"பேரை அவுக என்னமும் வச்சுக்கிடட்டும், மிஸ்."

கடைசிக் கட்டி கரைந்தது. பாதரசம் மெதுவாக அசைந்தது. இருவரும் ஒரே சமயத்தில் குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டது.

அன்று மாலை சிஸ்டர் படிக்கட்டில் எதிர்ப்பட்டார். "என்ன டீச்சர், பிள்ளை தயாரா?"

"விளக்கத்தைத் திருப்பிச் சொல்ல வைக்கலை, சிஸ்டர். திங்கட்கிழமை அவ என்ன சொல்லுவாளோ, எனக்கே தெரியாது."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"மனப்பாடத்தை இன்னொரு தடவை சொல்ல வைக்க நாளைக்கு ஒரு நாள் இருக்கே."

"மாட்டேன்" என்றார் டீச்சர். படியிறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை மதர் கொர்னேலியா வந்தார். பாடம் தெரிந்தவர் ஒருவர் உடன் இருக்கட்டும் என்று சிஸ்டர் லெயோனியையும் அழைத்து வந்திருந்தார். சிஸ்டர் வாசலோரம் நின்றுகொண்டார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். எதற்காக மதர் வந்திருக்கிறார் என்பது வகுப்புக்கே தெரியும். யாரும் அசையவில்லை.

"டெல்மா, எந்திரி. உள்ளுறை வெப்பம்னா என்ன?"

டெல்மா எழுந்தாள். டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சும்மா நின்றார்.

"ஒரு பொருளின் நிலை மாறும்போது" என்று தொடங்கினாள் டெல்மா, "வெப்பநிலை மாறாமல், உட்கவரப்படும் அல்லது வெளியிடப்படும்..."

நின்றுவிட்டாள்.

"ம். மேல சொல்லு."

 டெல்மாவின் உதடு மட்டும் அசைந்தது. 'வெளியிடப்படும்' என்று தனக்குள் ஒரு தடவை சொல்லிப்பார்த்தாள்.

"மறந்துட்டியா?"

"மறக்கலை, மதர். இம்புட்டு நாள் இந்த வார்த்தையைச் சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் காதுல விழுது."

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். அடங்கியது.

"என்ன விழுது?"

"ஐஸ் தண்ணியாகும்போது வெப்பம் உள்ள போகுது. அதை நான் பார்த்துட்டேன். உள்ள இருக்கற முடிச்சையெல்லாம் அவுக்கப் போகுது. அதனாலதான் தெர்மாமீட்டர் ஏற மாட்டேங்கு. அப்போ தண்ணி திரும்ப ஐஸாகும்போது, போனது வெளிய வரணும்லா? வெளியிடப்படும்னு போட்டிருக்கே. எங்க தெரு ஐஸ் கம்பெனியில நாள் முழுக்கத் தண்ணி ஐஸாகிக்கிட்டே இருக்கு. அம்புட்டு வெப்பமும் வெளிய வந்து எங்க போகுது, மதர்?"

மதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"கேள்வி கேட்க வந்தது நானு."

"ஆமா, மதர்."

"நீ என்கிட்ட கேட்கிற."

டெல்மா தலை குனிந்தாள். ஆனால் உட்காரவில்லை.

மதர் டீச்சர் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பதில் என்ன, டீச்சர்?"

பிள்ளைகள் எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுகளில் செபமாலை டீச்சரிடம் கேட்ட கணக்கு எதுவும் விடை வராமல் நின்றதில்லை.

"எனக்குத் தெரியாது, மதர்" என்றார் டீச்சர்.  "டெல்மா கேட்டது சரியான கேள்வி. பதிலை நானும் தெரிஞ்சுக்கணும். அவளும் தெரிஞ்சுக்கணும்."

மதர் டீச்சரைப் பார்த்தார். பிறகு நின்றுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். கடைசியில் வாசல் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர் லெயோனி, உங்களுக்காவது தெரியுமா?"

"தெரியும், மதர்."

"அப்போ இந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க."

சிஸ்டர் டெல்மாவைப் பார்த்தார்.

"பத்தாவதுல சொல்றேன், மதர்" என்றார்.